1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியான பெருமந்தம் பற்றிய அமெரிக்க டிவி ஆவணப்படங்களைப் பார்த்து அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஆனால் ஒரே ஒரு படத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது பெருமந்தம் எனக்கு ஒன்றரைப் பக்கப் பாடம்தான். மீதியெல்லாம் ஆவணப்படங்களில் கற்றதுதான். பல படங்கள் பார்த்தபிறகு ஒரு பழக்கம் வந்தது: படம் எந்த ஊரில் தொடங்குகிறது என்று முதலில் கவனிப்பேன். தப்பு யார்மேல் என்று அது சொல்லப்போகிறதோ, அது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

நிறையப் படங்களுக்கு அந்த ஊர் நியூயார்க்கின் பங்குச்சந்தைத் தெருவான வால் ஸ்ட்ரீட். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் 1990இல் ஒளிபரப்பிய 'தி க்ராஷ் ஆஃப் 1929' இந்த வகையில் நல்ல படம். கையில் பத்து டாலர் இருந்தால் மீதியைத் தரகரிடம் கடன் வாங்கி நூறு டாலருக்குப் பங்கு வாங்கலாம் என்றிருந்த காலம் அது. அக்டோபர் 29 அன்று மட்டும் சுமார் 1.6 கோடிப் பங்குகள் கைமாறின. திரையில் இதைப் பார்க்கும்போது நமக்கே படபடப்பு வரும்.

ஆனால் இந்த வகைப் படங்கள் பலவற்றில் முதல் பாதி சார்ல்ஸ்டன் நடனம், இரண்டாம் பாதி ரொட்டிக்கு நிற்கும் வரிசை. நாடே ஆடியது, நாடே ஒரே நாளில் விழுந்தது என்று மனதில் பதிந்துவிடும். அன்றைய 12 கோடி அமெரிக்கர்களில் தரகர்களிடம் கணக்கு வைத்திருந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர்தான். விவசாயிகளுக்கோ 1920லேயே விலை விழுந்துவிட்டது. அவர்கள் அந்தச் செழிப்பைப் பார்க்கவே இல்லை. பங்கு விலைகளைக் காட்டும் டவ் ஜோன்ஸ் குறியீடு 1929 செப்டம்பரில் 381இல் இருந்தது. அது 41க்கு இறங்கியது 1932 ஜூலையில். கிட்டத்தட்ட மூன்று வருடச் சரிவு, நடுவில் கொஞ்சம் ஏறவும் செய்தது. கூட்டம் கூடினால் கேமராவில் எடுக்கலாம், பணப்புழக்கம் வற்றுவதை எப்படி எடுப்பது?

அதைச் சொல்லிப் பார்த்தவர் பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மன். 1980இல் வந்த அவருடைய 'ஃப்ரீ டு சூஸ்' தொடரின் மூன்றாவது பகுதியில், 1930 டிசம்பரில் நியூயார்க்கில் மூடப்பட்ட 'பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற தனியார் வங்கிக்குத்தான் முக்கிய இடம். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் பணம் போட்டிருந்தார்கள், பலர் யூதக் குடியேறிகள். அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் தன் வேலையைச் செய்யவில்லை, அதனால்தான் சாதாரண மந்தம் பெருமந்தமானது என்பது அவர் வாதம். முழுக்க ஏற்காவிட்டாலும் பாருங்கள். வங்கிகள் ஏன் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன என்பது எனக்கு அதில்தான் புரிந்தது.

என் மனதுக்கு மிக நெருக்கமானது ஹென்றி ஹாம்ப்டனின் நிறுவனம் தயாரித்து 1993இல் வந்த 'தி கிரேட் டிப்ரஷன்', ஏழு பகுதிகள். இது வால் ஸ்ட்ரீட்டிலிருந்து அல்ல, டெட்ராய்ட் பக்கம் ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து தொடங்குகிறது. நாளுக்கு ஐந்து டாலர் சம்பளம் என்று கேள்விப்பட்டு ஊர் ஊராக வந்து சேர்ந்தவர்கள், 1932 மார்ச் 7 அன்று அதே ஆலையை நோக்கி வேலை கேட்டு ஊர்வலமாகப் போகிறார்கள். போலீசும் ஆலைக் காவலர்களும் சுட்டதில் அங்கேயே நாலு பேர் இறந்தார்கள், பிறகு ஐந்தாவதாக ஒருவரும். செழிப்பும் வீழ்ச்சியும் ஒரே வாசலில் நடக்கின்றன. கறுப்பினத் தொழிலாளர்களும் குத்தகை விவசாயிகளும் இதில் ஓரத்தில் நிற்கவில்லை, கதையே அவர்களுடையதுதான்.

பழைய படச்சுருள்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1934இல் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் நின்றபோது, அவரைத் தோற்கடிக்க ஹாலிவுட்டில் போலிச் செய்திப்படங்கள் தயாரித்துத் தியேட்டர்களில் ஓட்டினார்கள். ஆகவே கறுப்பு வெள்ளையில் இருப்பதெல்லாம் சாட்சி ஆகிவிடாது. உண்மையான படமே தவறான இடத்தில் வந்து நிற்பதும் உண்டு. 'உலகின் மிக உயர்ந்த வாழ்க்கைத் தரம்' என்ற விளம்பரப் பலகைக்குக் கீழே கறுப்பின மக்கள் வரிசையில் நிற்கும் மார்கரெட் போர்க்-வைட்டின் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெருமந்தத்தின் வேலையில்லாதவர்கள் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது 1937இல் லூயிவில் நகரில் ஒஹாயோ ஆற்று வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்கள் நிவாரணத்துக்கு நின்ற வரிசை.

சரி, எதிலிருந்து தொடங்குவது? நான் சொல்வது கென் பர்ன்ஸின் 'தி டஸ்ட் பவுல்' (2012), நாலு மணி நேரம். அது புல்வெளியில் தொடங்குகிறது. முதல் உலகப் போரின்போது கோதுமை புஷலுக்கு (சுமார் 27 கிலோ) இரண்டு டாலருக்கு மேல் போனது. அந்த ஆசையில் உழக்கூடாத நிலத்தையெல்லாம் உழுதார்கள். 1932இல் விலை 40 சென்ட்டுக்கும் கீழே வந்தது, பிறகு மழையும் பொய்த்தது. பிடித்துவைக்கப் புல் இல்லாத மண் காற்றோடு கிளம்பியது. அன்று குழந்தைகளாக இருந்தவர்கள்தான் அதில் பேசுகிறார்கள். தூசியால் வந்த நிமோனியாவில் இறந்துபோன குட்டித் தங்கையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, எழுபது வருடங்களுக்குப் பிறகும் சொல்லி முடிக்க முடியாமல் அழுகிறார் ஒரு முதியவர்.