சப்பாத்திக்கள்ளி மடலில் சத்து ஏற எந்த உரம்? வட ஆற்காட்டுக் கேள்வி பதில்

குடியாத்தம்: மல்லாட்டைக்கு (வேர்க்கடலைக்கு) வாங்கின ஜிப்சம் ரெண்டு மூட்டை மிச்சம் இருக்குண்ணே. முள்ளில்லாக் கள்ளிக்குப் போட்டா மடல்ல கால்சியம் ஏறுமா?

ஏறினாலும் பெரும்பங்கு சாப்பிடுகிறவருக்குச் சேராது. மல்லாட்டைக் காய் மண்ணிலிருந்து நேரடியாகவே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். அங்கே ஜிப்சம் பலன் தருவது அதனால்தான். கள்ளியோ, வருகிற கால்சியத்தில் பெரும்பங்கை ஆக்சலேட் படிகமாகக் கட்டிப் பூட்டிவிடும். குடல் அதை உறிஞ்சாது. சோடியம் ஏறி இறுகிய களர் நிலமாக இருந்தால் ஜிப்சம் போடுங்கள். இல்லையென்றால் மூட்டை அடுத்த மல்லாட்டைக்கு இருக்கட்டும்.

அணைக்கட்டு: பொட்டாஷ்ல சிவப்பா, வெள்ளையா?

போட்டதும் மடலில் சட்டென்று கூடுவது பொட்டாசியம். தேவைக்கு மேலும் உறிஞ்சும். அப்போது மெக்னீசியமும் கால்சியமும் பின்தங்கும். சிவப்பு பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு; அதில் ஏறக்குறைய பாதி குளோரைடு. கள்ளி வறட்சியைத் தாங்கும், உப்பைத் தாங்காது. பலர் ஏமாறுவது இங்கேதான். கிணறு கரிக்கிறதென்றால் வெள்ளைதான், அதாவது பொட்டாசியம் சல்பேட். செடிக்கு 20 கிராம், ஆண்டுக்கு இரண்டு முறை, தண்டிலிருந்து ஓரடி தள்ளி, ஈர மண்ணில். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த மடலைச் சாப்பிட வேண்டாம்.

காட்பாடி: யூரியா போட்டா மடல் தளதளன்னு வருது. இரும்பு, துத்தநாகம் குறையுமா?

குறையலாம். சதை வேகமாகப் பெருக, அதே தாது அதிக எடையில் பரவிவிடுகிறது. யூரியாவை ஒரே தடவையாகக் கொட்டாமல் செடிக்கு 10 கிராம் வீதம் பிரித்துப் போடுங்கள். கடைசித் தவணைக்குப் பிறகு மூன்று வாரம் கழித்துப் பறியுங்கள். இல்லையென்றால் நைட்ரேட் தேங்கி நிற்கும். டிஏபி உரத்தைத் தொடர்ந்து போட்டால் அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்து துத்தநாகத்தைத் தடுக்கும். மண் பரிசோதனையில் துத்தநாகம் குறைவென்று வந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவுங்கள். டிஏபியோடு கலக்கவே கூடாது.

வாணியம்பாடி: தோல் தொழிற்சாலைச் சேறு சும்மா கிடைக்குதே, எருவா போடலாமா?

வேண்டவே வேண்டாம். அதில் குரோமியமும் சோடியமும் இருக்கும். மண்ணில் சேர்ந்த குரோமியத்தை ஜிப்சமோ தொழுவுரமோ வெளியேற்றாது. பாலாற்றங்கரைக் கிணறு என்றால் உரம் வாங்கும் முன் தண்ணீரைப் பரிசோதியுங்கள்.

ஆற்காடு: காலையில பறிச்ச மடல் புளிக்குது. உரக் கோளாறா?

இல்லை. கள்ளி இரவில்தான் கரியமில வாயுவை இழுத்து மாலிக் அமிலமாகச் சேமிக்கும். விடியலில் புளிப்பு உச்சம். மதியத்துக்கு மேல் பறியுங்கள்.