யானை எந்த வழியாக வந்தது?

அன்புள்ள ஐயா,

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ்க் கட்டுரைக்கு எட்டு மதிப்பெண்; ஐந்தைத் தாண்டுவதே இல்லை. முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை எல்லாம் போடுகிறாள். எத்தனை மேற்கோள் வேண்டும், எதை அடிக்கோடிட வேண்டும்? நான் திருத்திக்கொடுத்த 'நீரைச் சேமிப்போம்' கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

அடிக்கோடு, கறுப்பு மை, மேற்கோள் கணக்கெல்லாம் அவளுடைய ஆசிரியர் சொல்வார். என் கண்ணில் பட்டது நீங்கள் சிவப்பு மையால் அடித்த வரி. 'லாரி வந்ததும் வரிசையில் இருந்த என் குடத்தை யாரோ பின்னால் தள்ளிவிட்டார்கள்.' பக்கத்தில் 'கொச்சை' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பக்கத்தில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். அதைக் கொன்றுவிட்டு, 'அறிவியல் கோலோச்சும் இந்நவீன யுகத்தில்' என்று முன்னுரைக்கு மாலை போட்டிருக்கிறீர்கள். பாவம் அந்தப் பிள்ளை.

நானும் யோக்கியன் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் 'எங்கள் ஊர்த் திருவிழா' எழுதச் சொன்னார் தமிழ் ஐயா. நோட்ஸில் இருந்ததை அப்படியே இறக்கினேன். அம்பாரி யானை முன்னே வர, தேர் அசைந்தாடி வந்தது. எங்கள் ஊரில் தேரே கிடையாது. அம்மன் கொடை மட்டும்தான். ஐயா என்னை எழுப்பி நிறுத்தினார். "ஏலே, யானை எந்த வழியா வந்துச்சு? ஓடைப் பாலத்துல மாட்டு வண்டியே திரும்பாதே." சிரிப்பு அடங்கியதும், "சரி, தின்ன ஓலை யாரு வெட்டிப் போட்டா?" மணி அடிக்கும்வரை யானையை அவர் விடவில்லை.

மறுநாள் வேறு எழுதினேன். வெளிச்சம் படாத உள்ளறையில் அக்கா வளர்த்த முளைப்பாரி வெளிர் மஞ்சளாக நின்றதை, கதவைத் திறந்து எட்டிப் பார்த்ததற்கு நான் வாங்கிய அடியை. பத்துக்கு ஐந்தரை. ஒற்றுப்பிழை மட்டும் பதினொன்று. யானைக்குக் கிடைத்ததைவிட அரை மதிப்பெண் குறைவு. ஆனால் அதை ஐயா வகுப்பில் இரண்டு முறை வாசித்தார்.

உங்கள் மகள் குறளை 'நீர்இன்று அமையாது உலகெனின்' என்று பாதியில் நிறுத்திவிட்டாள். மீதி, 'யார்யார்க்கும் வான்இன்று அமையாது ஒழுக்கு'. பரிமேலழகர் அந்த ஒழுக்கை நீரின் ஓட்டம் என்றார். ஒழுக்கம் என்று கொண்டவர்களும் உண்டு. தண்ணீர் இல்லாத தெருவில் அடுத்தவர் குடத்தைத் தள்ளத்தான் செய்வார்கள் என்று அதைப் படிக்கலாமே! குறளும் குடமும் ஒரே பத்தியில் இருக்க வேண்டியவை, ஐயா. நீங்கள் ஒன்றை அடித்துவிட்டீர்கள்.

வினாத்தாளில் குறிப்புகள் கொடுத்திருந்தால் அந்த வரிசையிலேயே எழுதட்டும். முன்னுரைக்கு மட்டும் ஐந்தாறு வரி இடம் விட்டுக் கடைசியில் நிரப்பட்டும். வீட்டில் எழுதும்போது வாய்விட்டுப் படிக்கட்டும். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டட்டும். சந்திக்காகத் தனியே இன்னொரு முறை.

2003இல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானது. உங்கள் வீட்டு மாடியிலிருந்து இறங்கும் குழாய் தொட்டிக்குப் போகிறதா, சாக்கடைக்கா? அவளே போய்ப் பார்த்து எழுதட்டும். அந்தச் சிவப்புப் பேனாவை மூடி வையுங்கள்.