உணர்ச்சியில் ஓடும் மோதிரங்கள்: கிரீன் லாந்தர்ன் கேள்வி பதில்

கிரீன் லாந்தர்ன்கள் என்பவர்கள் டிசி காமிக்ஸில் பச்சை மோதிரத்தால் சக்தி பெறும் விண்வெளிக் காவலர்கள். அந்தக் கதைகளில் வரும் ஏழு நிற மோதிரங்கள், அவற்றை இயக்கும் உணர்ச்சிகள் குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்கள். மார்வெல் பக்கமிருந்தும் ஒரு கேள்வி உண்டு. கதையின் திருப்பங்களைச் சொல்லாமல் இதையெல்லாம் விளக்க முடியாது. இன்னும் படிக்காதவர்கள் கடைசிப் பதிலை மட்டும் படித்துவிட்டு நழுவிவிடலாம்.

கார்த்தி: எந்த நிறத்துக்கு எந்த உணர்ச்சி? வரிசையா ஒரு தடவை சொல்லிடுங்க சார்.

வானவில் வரிசைதான். சிவப்பு கோபம், தலைவன் அட்ராசிடஸ், இடம் இஸ்மால்ட் கிரகம். ஆரஞ்சு பேராசை, லார்ஃப்ளீஸ், ஒக்காரா. மஞ்சள் பயம், சினெஸ்ட்ரோ, க்வார்ட். பச்சை மன உறுதி. பச்சை மோதிரப் படையை உருவாக்கிய ஓவா கிரகத்துக் கார்டியன்கள். நீலம் நம்பிக்கை, செயிண்ட் வாக்கர், ஓடிம். இண்டிகோ கருணை, இண்டிகோ-1, நாக். ஊதா காதல், ஜமரான் கிரகத்து ஸ்டார் சஃபையர்கள். ஏழும் ஒரே இடத்தில் விளக்கப்பட்டது 2007 கடைசியில் வந்த 'கிரீன் லாந்தர்ன்' 25ஆம் இதழில். எழுதியவர் ஜெஃப் ஜான்ஸ்.

வரிசையை மனப்பாடம் செய்வதோடு பச்சை நடுவில் இருப்பதையும் கவனியுங்கள். நடுவிலிருந்து விலக விலக, ஆள் மோதிரத்தை ஆள்வது போய் மோதிரம் ஆளை ஆள ஆரம்பிக்கும். இரண்டு ஓரத்திலும் இருப்பவை கோபமும் காதலும். சிவப்பு மோதிரக்காரர்கள் வெறிபிடித்து அலைவதும், ஸ்டார் சஃபையர்கள் ஆரம்பத்தில் ஆட்களைப் படிகத்துக்குள் அடைத்து வைத்து மனம் மாற்றியதும் இதனால்தான்.

நிவேதா: மன உறுதி ஒரு உணர்ச்சியா? எனக்கு இதுதான் இடிக்குது.

இடிக்க வேண்டிய இடம்தான். உளவியல் படித்தவர் யாரும் அதை உணர்ச்சிப் பட்டியலில் சேர்க்க மாட்டார். கார்டியன்கள் தங்கள் சொந்த உணர்ச்சிகளையே துறந்தவர்கள். மற்றவர் உணர்ச்சியையும் நம்பாதவர்கள். அவர்கள் பார்வையில், உணர்ச்சிகளை அடக்கி நடத்தும் சக்தியே பாதுகாப்பான எரிபொருள். அதனால் பச்சையை எடுத்துக்கொண்டார்கள். கதைக்குள் இருக்கும் நியாயம் இவ்வளவே. வெளியே இருக்கும் நியாயம் இன்னும் எளிது: 1959லிருந்தே பச்சை மோதிரம் மன உறுதியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற ஆறு உணர்ச்சிகளும் பிறகு அதைச் சுற்றிக் கட்டப்பட்டவை.

ராஜ்குமார்: மஞ்சள் பெயிண்ட் அடிச்ச டப்பாவைத் தூக்கி எறிஞ்சா கிரீன் லாந்தர்ன் காலி. இது என்ன கூத்து? யார் யோசிச்சாங்க?

கூத்துதான். அந்தக் கூத்தைச் சரிசெய்யப் போய்த்தான் இந்த ஏழு நிற அமைப்பே பிறந்தது.

1940இல் மார்ட்டின் நோடலும் பில் ஃபிங்கரும் உருவாக்கிய முதல் கிரீன் லாந்தர்ன் ஆலன் ஸ்காட்டுக்கு மரம் பலவீனம். கட்டையால் அடித்தால் மோதிரம் தடுக்காது. 1959இல் ஜான் புரூமும் கில் கேனும் ஹால் ஜோர்டனைக் கொண்டுவந்தபோது பலவீனம் மஞ்சள் நிறத்துக்கு மாறியது. பச்சை மோதிரங்களுக்கெல்லாம் சக்தி தரும், ஓவாவில் இருக்கும் மையப் பேட்டரியில் ஒரு கலப்படம், அது இல்லாமல் பேட்டரி ஓடாது என்று ஒரே வரியில் காரணம் சொல்லிவிட்டார்கள். அதை வைத்தே நாற்பது வருடத்துக்கு மேல் ஓட்டினார்கள்.

2004இல் தொடங்கிய 'கிரீன் லாந்தர்ன்: ரீபர்த்' தொடரில் ஜான்ஸ் அந்தக் கலப்படத்துக்கு ஒரு பெயர் வைத்தார்: பாரலாக்ஸ். பயமே உருவெடுத்த பழங்காலப் பூச்சி. கார்டியன்கள் அதைப் பிடித்து மையப் பேட்டரிக்குள் சிறைவைத்திருந்தார்கள். மஞ்சளுக்கு எதிரே மோதிரம் தடுமாறியது உள்ளே அடைபட்டிருந்த அந்தப் பயத்தால்தான். ஆகவே மஞ்சளை வெல்ல வழியும் கிடைத்தது: பயத்தை மறுக்காமல், இது பயம்தான் என்று உணர்ந்து, பிறகு தாண்ட வேண்டும். புதியவர்கள் தடுமாறுவார்கள், அனுபவசாலிகள் சமாளிப்பார்கள். 1994இல் வந்த இன்னொரு கிரீன் லாந்தர்ன் கைல் ரேனருக்கு ஏன் மஞ்சள் பிரச்சினையே இல்லை என்ற பழைய கேள்விக்கும் இதிலேயே பதில் கிடைத்தது. அந்த நேரத்தில் பாரலாக்ஸ் பேட்டரியை விட்டு வெளியேறி ஹால் ஜோர்டனைப் பிடித்திருந்தது.

பழைய அபத்தத்தை அழிக்காமல் அதற்கே அர்த்தம் கொடுத்த இந்தப் பழுதுபார்ப்புக்கு ஈடாக அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸில் அதிகம் கிடையாது.

ஷாலினி: மோதிரம் ஆளை எப்படித் தேர்ந்தெடுக்குது? ரொம்பக் கோபக்காரனுக்கு சிவப்பு, ரொம்பப் பயந்தவனுக்கு மஞ்சளா?

பலர் தடுக்கி விழும் இடம் இது. மஞ்சள் மோதிரம் பயந்தாங்கொள்ளியைத் தேடி வராது. பிறரைப் பயமுறுத்தத் தெரிந்தவனைத்தான் தேடும். மோதிரம் அழைக்கும் வாசகத்தைப் பாருங்கள். மஞ்சளும் நீலமும் பிறர் மனதில் அந்த உணர்ச்சியை உண்டாக்கும் திறனைக் கேட்கின்றன. சிவப்பும் ஊதாவும் "உன் இதயத்தில் அது நிறைய இருக்கிறது" என்கின்றன. பச்சை, பெரும் பயத்தைத் தாண்டும் திறனைக் கேட்கிறது.

சண்டைக் காட்சியில் இந்த வித்தியாசம் தெரியும். எதிராளி பயப்படாவிட்டால் மஞ்சள் மோதிரக்காரனுக்குப் பிடி தளரும். சிவப்புக்கு எதிராளியின் மனநிலை பற்றிக் கவலையே இல்லை.

அருண், திருச்சி: அப்போ பேட்மேனுக்கு மஞ்சள் மோதிரம் வரணுமே?

வந்தது, 2007இல். மன உறுதியாலேயே உதறிவிட்டார். மோதிரம் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டது.

ஃபர்ஹான்: சிவப்பு மோதிரத்தைக் கழற்றினா செத்துடுவாங்கன்னு சொல்றாங்களே, ஏன்?

மோதிரம் விரலில் ஏறியதும் இதயத்தின் வேலையை அது எடுத்துக்கொள்கிறது. உடம்பில் இருக்கும் ரத்தம் கெட்டு, அமிலம் போல எரியும் திரவமாகிவிடும். அதைத்தான் வாயால் கக்குகிறார்கள். மோதிரத்தைக் கழற்றினால் ரத்தத்தை ஓட்ட ஆள் இல்லை. சாவு.

தப்பிக்க நீல மோதிரம் உதவும். ஒருமுறை ஹால் ஜோர்டன் கையில் சிவப்பு ஏறியபோது செயிண்ட் வாக்கரின் நீல மோதிரம்தான் அதை உடைத்து அவரைக் காப்பாற்றியது. இன்னொரு சிக்கல், அறிவு மங்கிப்போவது. பெரும்பாலான சிவப்பு லாந்தர்ன்கள் உறுமும் மிருகங்களாகவே திரிவார்கள். இஸ்மால்டில் ஒரு ரத்தக் கடல் இருக்கிறது. அதில் முங்கி எழுந்தால் பேச்சும் யோசனையும் திரும்பும். பிளீஸ் என்ற பெண் லாந்தர்னுக்கு 2011 தொடரில் அப்படித்தான் தெளிவு வருகிறது.

டெக்ஸ்-ஸ்டார் என்ற பூனையை விட்டுவிட்டுப் போனால் பாவம். புரூக்ளினில் தன்னை வளர்த்தவள் கொலையானதும் அந்தக் கோபத்தில் சிவப்பு மோதிரம் வாங்கியது. மோதிரம் வாலில் இருக்கும்.

சங்கீதா: நீல லாந்தர்ன்கள் எதுக்கு? தனியா இருந்தா ஒண்ணுமே செய்ய முடியலையே.

உண்மை. பக்கத்தில் பச்சை மோதிரம் இல்லையென்றால் பறக்கலாம், தன்னைச் சுற்றி ஒரு காப்பு போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. நம்பிக்கை மட்டும் இருந்து செயல்பட மன உறுதி இல்லாவிட்டால் வேலை நடக்காது என்ற கணக்கு. பச்சை அருகில் வந்ததும் நிலைமை தலைகீழ். பச்சை மோதிரத்தின் சார்ஜை வழக்கமான 100 சதவீதத்துக்கு மேலே, 200 வரை ஏற்றும், மஞ்சள் மோதிரத்தின் சார்ஜை உறிஞ்சும், சிவப்பை அணைக்கும். தனி ஆளாகப் பலவீனம், அணியில் மிகப் பயனுள்ளவர்கள். எழுதுகிறவர்கள் இந்த விதியை மறந்து நீல லாந்தர்னைத் தனியாகச் சண்டைக்கு அனுப்பும்போது கதை பிசுபிசுத்துப் போகிறது.

மணி: ஆரஞ்சில் மட்டும் ஏன் ஒரே ஒரு ஆள்?

பேராசைக்காரன் பங்கு கொடுப்பானா? லார்ஃப்ளீஸ் தான் கொன்றவர்களின் அடையாளத்தை உறிஞ்சி, அவர்களையே ஆரஞ்சு ஒளி உருவங்களாக அனுப்புகிறான். படை மாதிரி தெரிவதெல்லாம் அவன் ஒருவனே. வேகா மண்டலத்துக்குள் கார்டியன்கள் நுழையாமல் ஒதுங்கியிருந்ததும் அவனோடு போட்ட ஒப்பந்தத்தால்.

தமிழினி: இண்டிகோ ஆட்கள் அவ்வளவு சாந்தமா இருக்காங்களே, உண்மையிலேயே நல்லவங்களா?

ஏழில் என்னைக் கேட்டால் இதுதான் மிகவும் சங்கடப்படுத்தும் நிறம். அவர்கள் எல்லாரும் கொஞ்சமும் இரக்கமில்லாத குற்றவாளிகள். மோதிரம் அவர்களுக்குள் கருணையைத் திணிக்கிறது. இண்டிகோ-1 ஆக இருக்கும் ஐரோக், ஹால் ஜோர்டனுக்கு முன் பச்சை மோதிரம் அணிந்திருந்த ஏபின் சுர்ரின் மகளைக் கொன்றவள். அவளைப் பிடித்து இந்த ஒளிக்குள் தள்ளியவர் அதே ஏபின் சுர். 2012இல் வந்த இதழ்களில் இண்டிகோ பேட்டரி அணைந்ததும் அத்தனை பேரும் பழைய மிருகங்களாகத் திரும்புகிறார்கள். திணித்த கருணை கருணையா என்று ஜான்ஸ் நேரடியாகப் பதில் சொல்லாமல் விட்டது நல்ல முடிவு.

சக்தி என்று பார்த்தால் பக்கத்தில் இருக்கும் மற்ற நிற ஒளிகளைக் கடன் வாங்கிப் பயன்படுத்தலாம். நெடுந்தூரம் ஒரே கணத்தில் தாவலாம்.

விக்னேஷ்: பிளாக்கஸ்ட் நைட்டில் செத்தவங்க எழுந்து வந்து முதல்ல ஏன் அவ்வளவு நேரம் பேசிக்கிட்டே இருக்காங்க? நேரா கொல்ல வேண்டியதுதானே?

பேசுவதே சமையல். 'பிளாக்கஸ்ட் நைட்' கதையில் இறந்தவர்களை எழுப்பும் கறுப்பு மோதிரத்துக்கு உணர்ச்சி ததும்பும் இதயம் வேண்டும். அதனால் இறந்த நண்பன், மனைவி, குரு உருவத்தில் வந்து குத்திக் குத்திப் பேசி, கோபத்தையோ காதலையோ பயத்தையோ கொதிநிலைக்கு ஏற்றிவிட்டுப் பிறகு இதயத்தைப் பிடுங்குகிறார்கள். அவர்கள் கண்ணுக்கு எதிராளியின் உணர்ச்சி அந்தந்த நிறத்தில் ஒளிரும். ஒரு இதயத்துக்கு 0.01 சதவீதம் சார்ஜ். கணக்குப் போட்டால் முழுசாக ஏற 10,000 இதயங்கள். 100 சதவீதம் ஆனதும் சாவின் தலைவன் நெக்ரான் எழுகிறான்.

உணர்ச்சி இல்லாதவன் அவர்கள் பார்வையில் படமாட்டான். பேட்மேனின் எதிரி ஸ்கேர்குரோ தன் பய மருந்தையே சுவாசித்துச் சுவாசித்து உணர்வு மரத்துப்போனவன், அதனால் அவர்கள் நடுவிலேயே நடந்து போகிறான். அழிக்கும் முறை: பச்சை ஒளியும் வேறொரு நிறமும் சேர்ந்து தாக்க வேண்டும். பச்சை மட்டும் போதாது, மீண்டும் ஒட்டிக்கொண்டு எழுவார்கள்.

பிரவீன்: ஹல்க்கும் இதே கணக்குதானே? கோபம் கூடினா பலம் கூடும்.

இப்போது அப்படித்தான். ஆனால் 1962இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் கொடுத்த முதல் இதழில் ஹல்க் சாம்பல் நிறம். பொழுது சாய்ந்ததும் மாறினான், கோபத்துக்குத் தொடர்பில்லை. அச்சில் சாம்பல் சீராக விழாததால் இரண்டாம் இதழில் பச்சையானான். மன அழுத்தம் ஏறினால் மாறுவான் என்பது 1964இல்தான் வந்தது. 1985இல் பில் மேண்ட்லோ 312ஆம் இதழில் தகப்பனிடம் அடிபட்ட குழந்தைப் பருவத்தைக் கொண்டுவந்தார். கோபத்துக்கு ஒரு வேர் கிடைத்தது அப்போதுதான்.

மீனா: ஸ்டார்ஃபயர் சந்தோஷமா இருந்தாதான் பறக்க முடியும்னு என் பையன் சொல்றான். சரியா?

கார்ட்டூனில் சரி. 2003 'டீன் டைட்டன்ஸ்' தொடரில் பறக்க மகிழ்ச்சி, கையால் சுட நியாயமான கோபம், பலத்துக்குத் தன்னம்பிக்கை. காமிக்ஸில் அவள் சக்தி சூரிய ஒளியிலிருந்து வருவது. அதே குழுவில் 1980இலிருந்து இருக்கும் ரேவன்தான் காமிக்ஸில் உணர்ச்சி ஆள்: அடுத்தவர் வலியைத் தனக்குள் வாங்குவாள். தன் உணர்ச்சியை மட்டும் அடக்கியே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பன் டிரைகன் அவள் வழியாக உள்ளே வந்துவிடுவான்.

ஹரிஷ்: நான் 20 பக்கத்தில் சொந்தமா ஒரு காமிக்ஸ் பண்றேன். ஹீரோவுக்குத் துக்கம்தான் சக்தி. என்னென்ன கவனிக்கணும்?

முதலில் துக்கம் யாருடையது என்று முடிவு செய்யுங்கள்: அவனுடையதா, சுற்றி இருப்பவர்களுடையதா. இரண்டும் வேறு கதைகள். தன்னுடையது என்றால் அவன் ஆறுதலடையும்போது சக்தி குறையும். குணமாவதா, காப்பாற்றுவதா என்ற இழுபறி தானாக வந்துவிடும். பிறருடையது என்றால் சாவு வீடுகளைத் தேடிப் போகிறவன் ஆகிவிடுவான்; அதை அவன் எப்படி நியாயப்படுத்துகிறான் என்பது கதை.

அடுத்து உச்சவரம்பு. "எவ்வளவு அழுகிறானோ அவ்வளவு பலம்" என்று திறந்து விட்டால் ஒவ்வொரு சண்டையும் கடைசியில் பெரிதாக அழுவதில் முடியும், இரண்டாவது தடவையே வாசகன் ஊகித்துவிடுவான். ஒரு அளவுக்கு மேல் போனால் உடம்பிலோ நினைவிலோ எதை இழக்கிறான் என்று எழுதி வையுங்கள். 20 பக்கத்தில் முழுச் சக்தியை ஒரே ஒரு தடவை காட்டினால் போதும். அதற்கு முன் 5, 6 பக்கத்துக்குள் ஒரு சின்னச் சம்பவத்தில் விதியைக் காட்டிவிடுங்கள், வசனத்தில் விளக்காதீர்கள். சக்தி வேலை செய்யாமல் போகும் ஒரு காட்சியும் கட்டாயம் வேண்டும். பச்சை மோதிரத்துக்கு மஞ்சள் செய்த வேலை அதுதான். முகபாவத்தைத் தவிர வேறொரு அடையாளமும் கொடுங்கள், ஒரு நிறமோ நிழலோ. சின்னக் கட்டங்களில் அழும் முகமும் சிரிக்கும் முகமும் குழம்பிப்போகும்.

லதா: இந்த ஒளி தீரவே தீராதா?

தீரும். 2013இல் 'லைட்ஸ் அவுட்' கதையில் ரெலிக் என்பவன், தன் பிரபஞ்சம் அழிந்ததே இந்த ஒளியைச் செலவழித்துத் தீர்த்ததால்தான் என்கிறான். லாந்தர்ன்களைத் தடுக்க நீல லாந்தர்ன் படையையும் ஓவாவையும் அழிக்கிறான். கடைசியில் ஒவ்வொரு உணர்ச்சிக்கும் உருவான ஜீவன்கள், பாரலாக்ஸ் நீங்கலாக, தங்களையே கொடுத்து ஒளியின் இருப்பை நிரப்புகின்றன. நல்ல யோசனை. ஆனால் அதற்குப் பிறகு வந்த கதைகளில் சிக்கனம் யாருக்கும் நினைவில்லை.

கார்த்தி: கடைசியா, எந்த வரிசையில் படிக்கிறது?

'ரீபர்த்' ஆறு இதழ்கள். பிறகு 'சினெஸ்ட்ரோ கோர் வார்': 2007இன் சிறப்பிதழ், கிரீன் லாந்தர்ன் 21 முதல் 25, அதோடு மாறி மாறி 'கிரீன் லாந்தர்ன் கோர்' 14 முதல் 18. அடுத்து 'ரேஜ் ஆஃப் தி ரெட் லாந்தர்ன்ஸ்', 'ஏஜெண்ட் ஆரஞ்சு', கடைசியாக 'பிளாக்கஸ்ட் நைட்' எட்டு இதழ்கள். பிளாக்கஸ்ட் நைட்டின் கிளை இதழ்கள் எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். அதே மாதங்களில் வந்த 'கிரீன் லாந்தர்ன்' இதழ்களைச் சேர்த்துக்கொண்டால் கதை புரியும். முன்கதை எதுவும் தெரியாமல் ஒரே ஒரு புத்தகம் போதும் என்றால் என். கே. ஜெமிசின் எழுதிய 'ஃபார் செக்டர்'. மக்களின் உணர்ச்சியையே அணைத்து வைத்திருக்கும் ஒரு நகரத்தில் கொலை விசாரணை. 12 இதழ்களில் முடிந்துவிடும்.