மென்பொருள் மாறுகிறது, கையேடு அப்படியே இருக்கிறது: ஏஐயிடம் எந்த வேலையைக் கொடுக்கலாம்?

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஆறு பேர் சேர்ந்து ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். மாங்கூழ்த் தொழிற்சாலைகளில் எடைமேடைச் சீட்டு முதல் விவசாயிக்குப் பணம் பட்டுவாடா வரை கவனிக்கும் மென்பொருள் எங்களுடையது. அதற்கு வேர்டில் 140 பக்கக் கையேடு ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக அதை யாரும் தொடவில்லை. சீசன் தொடங்கிவிட்டால், கையேட்டில் ஒன்று இருக்கிறது, திரையில் வேறு இருக்கிறது என்று நாள் முழுவதும் போன் வருகிறது. மொத்த நிரலையும் ஏஐயிடம் கொடுத்துப் புதுக் கையேடு எழுதச் சொல்லிவிடலாம் என்கிறார் என் கூட்டாளி. சரியாக வருமா?

பதில்: எழுதச் சொன்னால் எழுதித் தரும், ஒரே மாலையில் 200 பக்கங்கள்கூட வந்துவிடும். அந்த 200 பக்கங்களையும் திரையோடு ஒப்பிட்டுப் படிக்க உங்கள் ஆறு பேரில் யாருக்கு நேரம் இருக்கிறது என்பதை முதலில் கூட்டாளியிடம் கேளுங்கள். என் பரிந்துரை இதுதான்: கையேட்டை எழுதும் வேலையை ஏஐயிடம் விடாதீர்கள், கையேட்டில் எந்த வாக்கியம் பொய்யாகிவிட்டது என்று கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுங்கள்.

காரணத்தை உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். லோடு எடையில் கழிவு பிடிக்கும் இடத்தில், நிரலில் இயல்பு மதிப்பாக 3 என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆனால் ஒவ்வொரு தொழிற்சாலையும் தனக்குரிய விழுக்காட்டை அமைப்புத் திரையில் மாற்றியிருக்கும்; அந்த எண் தரவுத்தளத்தில் இருக்குமே தவிர நிரலில் இருக்காது. நிரலை மட்டும் படித்த ஏஐ, "மொத்த எடையில் 3 விழுக்காடு கழிக்கப்படும்" என்று தயக்கமே இல்லாமல் எழுதும். பர்கூர்ப் பக்கத்திலிருந்து 4,000 கிலோ பெங்களூரா மாங்காயை டிராக்டரில் கொண்டுவந்தவருக்குச் அந்தத் தொழிற்சாலை 5 விழுக்காடு என்று வைத்திருந்ததால் சீட்டில் 120 கிலோவுக்குப் பதிலாக 200 கிலோ கழிவாகப் போயிருந்தால், அந்த 80 கிலோவுக்கு எடைமேடைக்காரர் எந்தக் கையேட்டைக் காட்டிப் பதில் சொல்வார்?

இதைவிட நுட்பமான இடம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல், ஜிஎஸ்டியின் 12 விழுக்காட்டு அடுக்கில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5 விழுக்காட்டுக்கு இறங்கின. பில் போடும் மென்பொருள் பலவற்றில் இது ஓர் எண்ணைத் திரையில் மாற்றியதோடு முடிந்த வேலை. நிரலில் ஒரு வரிகூட மாறியிருக்காது. நிரல் மாற்றத்தைப் பார்த்துக் கையேட்டைத் திருத்தும் எந்தக் கருவிக்கும் இது கண்ணில் படாது. ஆகவே இப்படிப்பட்ட எண்களைக் கையேட்டில் எழுதவே கூடாது; எந்தத் திரையில், எந்தக் கட்டத்தில் அந்த எண்ணைப் பார்க்கலாம் என்பதை மட்டும் எழுத வேண்டும்.

இனிச் செய்யவேண்டிய வேலைக்கு வருவோம். 140 பக்க வேர்டு கோப்பை உடைத்து, ஒரு வேலைக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில், மார்க்டவுன் வடிவில் (எளிய குறிகள் மட்டும் கொண்ட எழுத்துக் கோப்பு) சிறு கோப்புகளாக்கி, நிரல் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்து வைக்கும் சேமிப்பிடம்) வையுங்கள். உடைக்கும்போதே யாரும் திறக்காத பக்கங்களைத் துணிந்து நீக்குங்கள். பாதி கையேடு போனாலும் நட்டமில்லை. அதன்பின் நிரலில் மாற்றம் செய்பவர், தொடர்புடைய கையேட்டுப் பக்கத்தையும் அதே புல் ரெக்வஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்க்கும் முன் மற்றவர் பார்வைக்கு வைக்கும் கோரிக்கை) திருத்தியிருக்க வேண்டும், அல்லது திருத்தம் தேவையில்லை என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள்.

ஏஐ நுழையவேண்டிய இடம் இதுதான். நிரலின் பழைய வரிகளுக்கும் புதிய வரிகளுக்கும் உள்ள வேறுபாட்டையும் அந்தக் கையேட்டுப் பக்கத்தையும் மட்டும் கொடுத்து, "இந்த மாற்றத்துக்குப் பிறகு எந்த வாக்கியங்கள் தவறாகின்றன? ஒவ்வொன்றுக்கும் நிரலின் கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் காட்டு. ஆதாரம் இல்லையென்றால் இல்லை என்று சொல்" என்று கேளுங்கள். "இந்தப் பக்கத்தைப் புதுப்பித்துத் தா" என்று கேட்டால், மாறத் தேவையில்லாத வாக்கியங்களையும் அது வேறு சொற்களில் மாற்றி எழுதிவிடும்; எது உண்மையான திருத்தம், எது வெறும் சொல்மாற்றம் என்று பிரித்துப் பார்ப்பதற்குள் உங்களுக்குப் பொழுது போய்விடும். ஓசூரில் ஒரு நிறுவனத்துக்கு நான் உதவியபோது இப்படித்தான் நடந்தது: ஒரு பட்டனின் பெயர் மாறியதற்குக் கையேட்டில் 60 வரிகள் மாறியிருந்தன, அந்தப் பட்டனின் பழைய பெயர் மட்டும் ஓரிடத்தில் அப்படியே இருந்தது.

எந்தக் கருவி என்று கேட்பீர்கள். நிரல் எழுத உதவும் ஏஐ கருவிகளான கிட்ஹப் கோபைலட், கிளாட் கோட், கர்சர் ஆகியவற்றில் எதுவும் இந்த வேலைக்குப் போதும். ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) விவரங்கள், தரவுத்தள அட்டவணைகள் போன்றவற்றுக்கு ஏஐ தேவையே இல்லை. ஏபிஐயை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ விவரக்குறிப்பிலிருந்தும் தரவுத்தளத்தின் அமைப்பிலிருந்தும் அவற்றை உருவாக்கும் சாதாரணக் கருவிகள் நெடுநாளாக இருக்கின்றன, அவை கற்பனை செய்வதில்லை.

தமிழில் கையேடு தருவதானால் சொல்பட்டியல் ஒன்றை அதே களஞ்சியத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் ஏஐயைப் படிக்க வையுங்கள். இல்லையெனில் எடைமேடையில் எல்லோரும் "டேர்" (காலி வண்டியின் எடை) என்று சொல்வதை ஒரு பக்கத்தில் "வெற்று எடை" என்றும், அடுத்த பக்கத்தில் "கழிவு எடை" என்றும் எழுதிவைக்கும். இரண்டாவது, மாங்காயில் பிடிக்கும் கழிவோடு குழம்பிவிடும். வரைவு வந்ததும், எடைமேடையில் உட்காரும் ஒருவரிடம் கொடுத்து, அதைப் படித்தபடியே ஒரு சீட்டுப் போடச் சொல்லிப் பாருங்கள். அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ அந்த வாக்கியத்தை மாற்றுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. எடுத்துக்காட்டுக்காக உண்மையான பட்டுவாடாப் பட்டியலை ஏஐயில் ஒட்டாதீர்கள். விவசாயிகளின் பெயர், வங்கிக் கணக்கு எண் எல்லாம் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தரவுகள். கற்பனைப் பெயர்களோடு ஒரு மாதிரித் தரவுத்தளம் செய்துகொள்ள அரை நாள் ஆகும். கையேட்டுக்கான ஸ்கிரீன்ஷாட்டுகளையும் அதிலிருந்தே எடுக்கலாம்.

சீசனுக்கு முன் 140 பக்கத்தையும் முடிக்க நினைக்க வேண்டாம். சென்ற சீசனில் வந்த போன்களைக் கணக்கிட்டு, அதிகம் கேட்கப்பட்ட ஐந்து வேலைகளுக்கான பக்கங்களை மட்டும் இப்போது சரிசெய்யுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மென்பொருளின் பதிப்பு எண்ணும், கடைசியாகச் சரிபார்த்த நாளும், சரிபார்த்தவரின் பெயரும் இருக்கட்டும். பழைய கையேட்டின் பிடிஎஃப் எந்தெந்தத் தொழிற்சாலையின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் புதிய பக்கங்களின் இணைப்பை நீங்களே அனுப்பிவிடுங்கள்.