சிகரெட்டும் ஜங்க் ஃபுட்டும்: எது உடலை அதிகம் கெடுக்கும்? கேள்வி பதில்

நான் பொது மருத்துவர். சிகரெட்டை விட முடியவில்லை என்று வருபவர்களையும், சாப்பிட ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை என்று வருபவர்களையும் தினமும் பார்க்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: டாக்டர், என் நண்பன் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிக்கிறான். கேட்டால், "நீ வாரத்தில் நாலு நாள் பர்கரும் சிப்ஸும் வயிறு முட்டத் தின்கிறாயே, அதுவும் இதுவும் ஒன்றுதான்" என்கிறான். ஒன்றா?

பதில்: ஒன்றில்லை. ஒரு தனி ஆளை எடுத்துக்கொண்டு பார்த்தால் சிகரெட்தான் மோசம். வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. விடாமல் புகைப்பவர்களில் பாதிப் பேர் வரை அந்தப் பழக்கத்தாலேயே இறக்கிறார்கள்.

சிகரெட் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்குபவை. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். ரத்தக் குழாயின் உள்சுவர் புண்படும், ரத்தம் உறையும் தன்மை கூடும். நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவரோடு ஒப்பிட்டால் 15 முதல் 30 மடங்கு. எந்தத் தீனியும் எந்த ஒரு நோயின் வாய்ப்பையும் இந்த அளவுக்கு உயர்த்துவதாக நான் படித்ததில்லை.

ஜங்க் ஃபுட் வேறு வழியில் போகிறது. அது எடையைக் கூட்டும், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றும், அவை சேர்ந்து பல வருடங்களில் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பிடிக்கும். இடையில் ஒரு நாள் பர்கர் தின்றால் அதைச் சமாளிக்க உடலுக்கு வழி இருக்கிறது. சிகரெட்டில் அப்படி "இவ்வளவு வரை பரவாயில்லை" என்று ஓர் அளவே கிடையாது.

ஆனால் உங்கள் பங்குக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2009இல் சுமார் 9 லட்சம் பேரின் தகவல்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) 30 முதல் 35 வரை உள்ளவர்களுக்கு ஆயுள் 2 முதல் 4 வருடம் குறைகிறது. 40 முதல் 45 வரை போனால் 8 முதல் 10 வருடம் குறைகிறது. வாழ்நாள் முழுக்கப் புகைப்பவர் இழப்பதும் ஏறக்குறைய அந்த 10 வருடம்தான். அதாவது தீனி அந்த இடத்துக்குப் போய்ச் சேர முடியும். ஆனால் அதற்கு மிக அதிகமான உடல் பருமன் வேண்டும், சிகரெட்டுக்கு ஒரு சாதாரணப் பழக்கமே போதும்.

கேள்வி: தவறான உணவு புகையிலையைவிட அதிகம் பேரைக் கொல்கிறது என்று செய்தியில் படித்தேன். நீங்கள் சொல்வதற்கு நேர் எதிராக இருக்கிறதே?

பதில்: அந்தச் செய்தி பொய்யில்லை. 'லான்செட்' மருத்துவ இதழில் 2019இல் வந்த ஆய்வு அது. 2017ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி மரணங்களுக்கு உணவுப் பழக்கம் காரணம் என்று அதில் கணக்கிட்டார்கள். புகையிலையால் வருடத்துக்கு 70 லட்சத்துக்கும் மேல் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனால் அந்த 1.1 கோடியைப் பிரித்துப் பாருங்கள். அதிகமான உப்பு, சுமார் 30 லட்சம். முழுத்தானியம் போதாமை, இன்னொரு 30 லட்சம். பழம் போதாமை, 20 லட்சம். சாப்பிட்டதால் வந்த கெடுதலைவிடச் சாப்பிடாமல் விட்டதால் வந்த கெடுதல் அந்தப் பட்டியலில் நிறைய இருக்கிறது. குளிர்பானமும் பதப்படுத்திய இறைச்சியும் அதில் உண்டு, ஆனால் மிகக் கீழே. தலைப்பை மட்டும் படித்தவர்கள் "ஜங்க் ஃபுட் சிகரெட்டைவிடக் கொடியது" என்று புரிந்துகொண்டார்கள், ஆய்வு அதைச் சொல்லவில்லை.

இன்னொன்று, உலகத்தில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள், புகையிலை பயன்படுத்துபவர் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். அந்த ஐந்தில் ஒரு பங்கிலிருந்துதான் 70 லட்சம் மரணத்தில் பெரும்பகுதி வருகிறது. ஒரு நாட்டின் சுகாதாரத் துறைக்கு உணவுதான் பெரிய பிரச்சினையாக இருக்கலாம். உங்கள் வீட்டில் புகைக்கும் ஒருவருக்கு சிகரெட்தான் பெரிய பிரச்சினை.

கேள்வி: டாக்டர், யாரிடமும் சொன்னதில்லை. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு சிப்ஸ், பிஸ்கட், ஐஸ்கிரீம் என்று கையில் கிடைப்பதையெல்லாம் தின்கிறேன். பசி இருக்காது. வயிறு வலிக்கும்வரை நிற்காது. பிறகு அழுகிறேன். மறுநாள் பட்டினி கிடந்து சரிக்கட்டுகிறேன், இரவில் மறுபடியும் அதேதான். எனக்கு மன உறுதி இல்லையா?

பதில்: நீங்கள் இதை எழுதியதே நல்லது. மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதற்குக் கட்டுப்பாடற்ற உண்ணல் நோய் என்று பெயர் இருக்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் இதைத் தனி நோயாகவே சேர்த்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் மற்றவர்கள் சாப்பிடக்கூடியதைவிட மிக அதிகமாகச் சாப்பிடுவது, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு, வேகமாகத் தின்பது, பசியில்லாமல் தின்பது, வெட்கத்தால் தனியாகத் தின்பது, பிறகு தன்மேலேயே வெறுப்பு. வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூன்று மாதம் இப்படி நடந்தால் அது நோய்தான். உங்களுக்கு இருப்பது இதுதானா என்பதை நேரில் பேசித்தான் உறுதி செய்ய முடியும். ஆனால் நீங்கள் எழுதியதில் பாதிக்கு மேல் பொருந்துகிறது, கட்டாயம் போய்ப் பாருங்கள்.

மறுநாள் பட்டினி என்றீர்களே, அதுதான் உங்களை இரவில் கொண்டுபோய்த் தள்ளுகிறது. பகல் முழுக்கக் காய்ந்த உடம்பு இரவில் அதிகச் சர்க்கரையும் கொழுப்பும் உள்ளதைத்தான் தேடும். சிகிச்சையில் நாங்கள் முதலில் செய்வது தீனியைத் தடை செய்வது அல்ல. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், ஒழுங்காகச் சாப்பிட வைப்போம். முந்தைய இரவு எவ்வளவு தின்றிருந்தாலும் காலைச் சாப்பாட்டை விடக்கூடாது. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் பலருக்கு இரவுத் தின்னல் குறைய ஆரம்பிப்பதே இதில்தான்.

அப்புறம் பேச்சு வழிச் சிகிச்சை இருக்கிறது, சி.பி.டி. என்று சொல்வார்கள். இந்த நோய்க்கு நன்றாக வேலை செய்கிறது. சிலருக்கு மருந்தும் தருவதுண்டு. எடைக்கான கண்டிப்பான டயட்டை நீங்களாகத் தொடங்காதீர்கள். தின்ற பிறகு வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம், ரத்தப் பரிசோதனை உடனே வேண்டும்.

உங்களைத் திட்டுபவர் மருத்துவராகவே இருந்தாலும் வேறு ஒருவரிடம் போங்கள்.

கேள்வி: நான் ஒரு நாளைக்கு இரண்டு சிகரெட்தான். தினமும் உடற்பயிற்சி, சாப்பாடும் சுத்தம். இதற்கும் பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும் தம்பி. 2018இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்கு மாரடைப்பு ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கே கூடிவிடுகிறது. இருபதில் ஒரு பங்கு சிகரெட், இருபதில் ஒரு பங்கு ஆபத்து என்று கணக்குப் போட முடியாது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மிகக் குறைந்த புகைக்கே தூண்டப்பட்டுவிடுகின்றன, அதனால்தான் இப்படி. நுரையீரல் புற்றுநோயில் எண்ணிக்கையும் முக்கியம், அதைவிட எத்தனை வருடம் பிடித்தீர்கள் என்பது முக்கியம். உடற்பயிற்சி நல்லது, தொடருங்கள். அது புகையைக் கழுவிவிடாது.

கேள்வி: சிகரெட்டை விட்டால் எடை போடும் என்கிறார்களே. குண்டாகி சர்க்கரை வருவதற்குப் பதில் புகைப்பதே மேல் இல்லையா?

பதில்: இல்லவே இல்லை. எடை போடும் என்பது உண்மை, முதல் வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ. நிகோட்டின் பசியை அடக்கி வைத்திருந்தது, உடல் எரிக்கும் கலோரியையும் கொஞ்சம் கூட்டியிருந்தது. அது போனதும் நாக்கில் ருசி திரும்பும், கையும் சும்மா இருக்காது. எடை அதிகம் போட்டவர்களுக்குச் சில வருடங்கள் சர்க்கரை நோய் வாய்ப்பு சற்றுக் கூடுவதும் உண்டு. ஆனால் அப்படி எடை போட்டவர்களுக்கும்கூட, தொடர்ந்து புகைத்தவர்களைவிட இதய நோயால் இறப்பது குறைவாகவே இருந்தது. அது மட்டுமில்லை, நீண்ட காலக் கணக்கில் புகைப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம் அதிகம். ஒல்லியாகத் தெரியும் புகைப்பவரின் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு சேர்கிறது.

இரண்டையும் ஒரே நாளில் மாற்ற முயலாதீர்கள். முதலில் சிகரெட். அந்த சில மாதங்கள் எடையைக் கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும், குறைக்க அவசரம் வேண்டாம். நிகோட்டின் சூயிங்கம் எடைக் கூடுதலைத் தள்ளிப்போடும். குளிர்பானத்தை வீட்டில் வாங்கி வைக்காமல் இருப்பது ஒன்றே பெரிய உதவி.

கேள்வி: சாசேஜ், பேக்கன் போன்றவை சிகரெட் இருக்கும் அதே புற்றுநோய்ப் பட்டியலில் இருக்கின்றனவாமே?

பதில்: ஆமாம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் சேர்த்தது. ஆனால் அந்தப் பட்டியல் சொல்வது "இது புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதி" என்பதை மட்டும். எவ்வளவு பேருக்கு உண்டாக்கும் என்பதை அது அளக்கவில்லை. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது. மேலே நுரையீரலுக்குச் சொன்ன 15 மடங்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைத்துக்கொள்ளுங்கள், பீதி வேண்டாம்.

கேள்வி: ஜங்க் ஃபுட்டும் நிகோட்டின் மாதிரி அடிமைப்படுத்துமா?

பதில்: நிகோட்டின் ஒரே ஒரு பொருள், இழுத்த 10 முதல் 20 நொடிக்குள் மூளைக்குப் போய்விடும். உணவில் அப்படி ஒரு பொருளைச் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஆனால் அந்த உணவுகள் நம்மை அதிகம் தின்ன வைக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அமெரிக்காவில் கெவின் ஹால் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் தொழிற்சாலையில் அதிகம் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாக இருந்தன, வேண்டும் அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்தபோது தினமும் சுமார் 500 கலோரி அதிகம் உள்ளே போனது. இரண்டே வாரத்தில் ஒரு கிலோ அளவுக்கு எடை கூடியது. அவர்கள் யாரும் பேராசைக்காரர்கள் இல்லை.

அடிமை என்று சொல்ல எனக்குத் தயக்கம் இருப்பதற்குக் காரணம் சிகிச்சை. சிகரெட்டை அடியோடு விட்டுவிடலாம், விட வேண்டும். சாப்பாட்டை அப்படி விட முடியாது, அதோடு சமாதானமாக வாழத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எவ்வளவு தின்றாலும் எனக்கு எடை ஏறாது. நான் கவலைப்பட வேண்டாம்தானே?

பதில்: எடை ஒன்றுதான் அளவுகோல் என்று நினைக்காதீர்கள். ஒல்லியானவர்களுக்கும் கொழுப்புக் கல்லீரல் வருகிறது. உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்ற எடை கூடவேண்டிய அவசியமில்லை, நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வேப் (மின் சிகரெட்) பிடித்தால்?

பதில்: ஏற்கெனவே புகைப்பவருக்கு சிகரெட்டைவிட நச்சு குறைவு. புகைக்காதவருக்கு, அதிலும் பதின்வயதினருக்கு, புதிதாக ஒரு நிகோட்டின் பழக்கம். தொடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 60 வயது. போன மாதம் மாரடைப்பு வந்து பிழைத்தார். சிகரெட்டும் விடவில்லை, எண்ணெய்ப் பலகாரமும் விடவில்லை. எதை முதலில் நிறுத்தச் சொல்வது? இனி நிறுத்தி என்ன பயன் என்கிறார்.

பதில்: சிகரெட்டை. இன்றே. மாரடைப்புக்குப் பிறகு புகையை விட்டவர்களில் இறப்பு, விடாதவர்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. இவ்வளவு பலன் தரும் மாத்திரைகள் குறைவு. பிரிட்டனில் ரிச்சர்ட் டால் குழுவினர் 1951இல் தொடங்கி 50 வருடம் மருத்துவர்களையே தொடர்ந்து கவனித்தார்கள். 60 வயதில் விட்டவருக்கு சுமார் 3 வருடம், 50இல் விட்டவருக்கு 6, 40இல் 9, 30இல் விட்டவருக்கு ஏறக்குறைய முழு 10 வருடமும் திரும்பக் கிடைத்தது. அப்பாவுக்கு அந்த 3 வருடம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

வெறும் புத்திமதியோடு விடாதீர்கள். தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச், புகையை விட உதவும் வாரெனிக்லின் மாத்திரை எல்லாம் இருக்கின்றன, இதய மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு நிறையக் கூடும். சாப்பாட்டை மெதுவாக மாற்றலாம், பொரித்ததைப் பிடுங்குவதைவிடத் தட்டில் காய், பழம் கூட்டுவது எளிது.

கேள்வி: சிகரெட்டை விட்டு மூன்று மாதம் ஆகிறது. நேற்று ஒரு விருந்தில் ஒன்று பிடித்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சியில் வீட்டுக்கு வந்து ஒரு பீட்சா முழுவதையும் தின்றேன். எல்லாம் போச்சா?

பதில்: எதுவும் போகவில்லை. அந்த மூன்று மாதத்தில் உங்கள் நுரையீரலும் ரத்தக் குழாய்களும் சரியாகத் தொடங்கியது அப்படியே இருக்கிறது. பாக்கெட் கையில் இருந்தால் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள். பேட்ச் நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பீட்சாவுக்காக இன்று பட்டினி கிடக்க வேண்டாம், அடுத்த வேளைச் சாப்பாட்டை வழக்கமான நேரத்துக்கே சாப்பிடுங்கள். அடுத்த விருந்துக்கு இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள், போகும்போது புகைக்காத ஒருவரோடு போங்கள்.