எச் இன்டெக்ஸ் 2

அன்புள்ள அண்ணா,

திருகோணமலையில் தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறேன். இங்குள்ள பௌத்த விகாரையான வெல்கம் விகாரையின் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பற்றி ஏழு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன், ஐந்து தமிழில். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலரில் என் எச் இன்டெக்ஸ், அதாவது கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களை வைத்துப் போடும் எண், 2. என்னோடு ஏ.எல். படித்து இப்போது வெளிநாட்டில் மருத்துவ ஆய்வு செய்பவனுக்கு 19. நிரந்தரப் பதவிக்கு நேர்முகம் வருகிறது. காசு கட்டினால் பத்து நாளில் கட்டுரை போடும் 'சர்வதேச' ஜேர்னல் ஒன்று விடாமல் மெயில் அனுப்புகிறது. கொடுக்கட்டுமா?

ஒரு வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கச்சி,

கொடுக்க வேண்டாம். காசு வாங்கும் ஜேர்னல் எல்லாம் மோசம் என்றில்லை, அந்தப் பத்து நாள்தான் இடிக்கிறது. கட்டுரையைத் துறை தெரிந்த இரண்டு பேர் வாசித்துக் குறை சொல்லவே பல இடங்களில் மாதக்கணக்காகும். அதோடு, யாரும் வாசிக்காத இடத்தில் போட்டதை யாரும் மேற்கோள் காட்டப்போவதில்லை, உங்கள் 2 அப்படியே 2 ஆகத்தான் நிற்கும்.

சரி, அந்த 2 என்ன சொல்கிறது? குறைந்தது இரண்டு தடவையாவது மேற்கோள் பெற்ற கட்டுரைகள் உங்களுக்கு இரண்டு உண்டு, அவ்வளவுதான். ஒரே கட்டுரை ஐந்நூறு தடவை மேற்கோள் பெற்று மற்றதெல்லாம் பூச்சியமாக இருந்தால் எச் 1 தான் வரும். 2005இல் இதை முன்வைத்த ஹோர்ஹே ஹிர்ஷ் ஒரு இயற்பியலாளர், தன் துறையை வைத்துத்தான் கணக்குப் போட்டார், துறைக்குத் துறை இது மாறும் என்று அவரே எழுதியும் வைத்தார். மருத்துவத்தில் ஆள் அதிகம், கட்டுரை அதிகம், ஒவ்வொன்றின் கடைசியிலும் நீண்ட மேற்கோள் பட்டியல். கல்வெட்டுக்காரர் எத்தனை பேர்? அவர்களும் உங்களை மேற்கோள் காட்டுவது அச்சுப் புத்தகத்தின் அடிக்குறிப்பில், அது இணையத்தில் இல்லாவிட்டால் ஸ்கொலருக்குத் தெரியாது. 19ஐயும் 2ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

மிக அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரை எது தெரியுமா? புரதத்தை அளக்கும் ஒரு முறை பற்றி உயிர்வேதியியலாளர் லவ்ரியும் சகாக்களும் 1951இல் எழுதியது, மூன்று இலட்சத்துக்கு மேல். ஆய்வுகூடத்தில் அந்த முறையைப் பயன்படுத்தியவர்கள் எல்லாம் அதைக் குறிப்பிட்டார்கள். பயன்பட்டது என்பதற்கு அது சாட்சி, அதற்குமேல் ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் கணக்கில் ஒரு கசிவு இருக்கலாம், அதை அடைத்துவிடுங்கள். நம் ஆட்களின் பெயர்ப் பிரச்சினைதான். ஒரு கட்டுரையில் அப்பாவின் பெயர் இனிஷியலாக முன்னால், இன்னொன்றில் முழுசாகப் பின்னால், கலியாணத்துக்குப் பிறகு வேறொன்று, ஆங்கில எழுத்துக்கூட்டல் நாலு விதம். வெளிநாட்டுத் தரவுத்தளம் பெரும்பாலும் கடைசியில் நிற்கும் பெயரைத்தான் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும், நீங்கள் மூன்று பேராகப் பிரிந்துகிடப்பீர்கள். ஓர்சிட் என்பது ஆய்வாளருக்கான தனி அடையாள எண், இலவசம், பதினாறு இலக்கம், ஒன்று எடுத்து ஏழு கட்டுரைகளையும் அதில் சேருங்கள். ஸ்கொலர் பக்கத்திலும் விடுபட்டதை நீங்களே சேர்க்கலாம். தமிழ்க் கட்டுரைகளுக்கு ஆங்கிலத்தில் தலைப்பும் சுருக்கமும் எழுதி பிடிஎஃப் ஆக இணையத்தில் போடுங்கள், ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலகம் தளத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

அப்புறம் நேர்முகம். ஆய்வாளரை ஜேர்னலின் இம்பாக்ட் ஃபாக்டரை (அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் எண்ணிக்கையை) வைத்து எடைபோடக் கூடாது என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பிரகடனமே எழுதினார்கள், டோரா என்பார்கள். குழுவில் யாராவது எண்ணைப் பிடித்துத் தொங்கினால் அதைச் சொல்லலாம், ஆனால் நீங்களாகத் தொடங்க வேண்டாம், சாக்குப்போக்கு மாதிரிக் கேட்கும். ஏழில் மிகச் சிறந்த இரண்டை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தாள்: எந்தக் கல்வெட்டில் எந்த வரியை முன்பிருந்தவர்கள் எப்படி வாசித்தார்கள், நீங்கள் எதை மாற்றினீர்கள், பிறகு அதை யார் எடுத்தாண்டார்கள். மற்ற ஐந்தையும் கேட்டால் கொடுங்கள்.