ஆப்பிள்காரனின் குரல்

அன்புள்ள அக்கா,

தொடக்கநிலை இரண்டில் படிக்கும் என் மகளுக்கு ஜூன் விடுமுறையில், 1992இல் வந்த 'அலாதீன்' கார்ட்டூன் படத்தைப் போட்டுக் காட்டினேன். அரபு மக்களையும் பெண்களையும் அந்தப் படம் எங்கெல்லாம் ஒரே அச்சில் வார்க்கிறது என்று முன்கூட்டியே அட்டவணை தயாரித்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்திக் கேள்வி கேட்டேன். இளவரசியின் இடை ஏன் அவ்வளவு ஒல்லி, அவளை ஏன் ஓர் ஆண் வந்து காப்பாற்ற வேண்டும் என்றெல்லாம். பாதியில் அழுதுவிட்டாள். சந்தையில் ஆப்பிள் விற்பவனைப் போல அவள் பேசிக் காட்டிய ஐந்து நிமிடம்தான் வீட்டில் கலகலப்பாக இருந்தது. ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனாரும் அப்போது உடன் இருந்தார். கணவர் "வெறும் கார்ட்டூன்தானே" என்கிறார். நான் செய்தது சரியா? நம் தென்கிழக்காசிய வட்டாரத்தைக் காட்டும் டிஸ்னியின் 'ராயா' படம் பரவாயில்லையா?

சு., உட்லண்ட்ஸ்

அன்புள்ள சு.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் என் தாத்தாவைப் பற்றி எழுத உட்கார்ந்து, எழுத வராமல் மூடி வைத்திருந்தேன். உடனே பதில் எழுதுவது அதனால்தான். பிள்ளை வளர்ப்பில் புத்தி சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது.

முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன். துணைப்பாட வகுப்புக்கு விடுமுறை விட்டுவிட்டு வீட்டுக் கூடத்திலேயே இன்னொரு வகுப்பைத் தொடங்கினால் எட்டு வயதுப் பிள்ளை அழாமல் என்ன செய்யும்? இளவரசியின் இடையளவை விட்டுத்தள்ளுங்கள். அது கண்ணுக்குத் தெரிவது, நாளைக்கு அவளே கேட்பாள். கணவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: முகம் பிடிக்காவிட்டால் காதை அறுத்துவிடும் ஊர் என்று அந்தப் படத்தின் தொடக்கப் பாடலில் ஒரு வரி இருந்தது, அமெரிக்க அரபுகள் எதிர்த்த பிறகு, 1993இல் வீடியோவாக வந்தபோது, அது பாலைவன வெயிலைப் பற்றிய வரியாக மாறியது. வெறும் கார்ட்டூனுக்கு யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். அது காட்டுமிராண்டி ஊர் என்று சொல்லும் அடுத்த வரியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஆனால் நீங்கள் கலகலப்பு என்று எழுதிய அந்த ஐந்து நிமிடம்தான், படத்தை நிறுத்தியிருக்க வேண்டிய ஒரே இடம்.

அலாதீனும் ஜாஸ்மினும் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் போலப் பேசுகிறார்கள். அதே ஊரில், அதே வெயிலில் வளர்ந்த வியாபாரிகளும் காவலர்களும் மட்டும் வேறு நாக்கோடு, அயல் உச்சரிப்பில் பேசுகிறார்கள். பசித்த குழந்தைக்கு ஆப்பிள் எடுத்துக் கொடுத்தாள் என்பதற்காக ஜாஸ்மினின் கையை வெட்ட வருபவனுக்கு வாய்த்திருப்பது அந்த நாக்குதான். யார் நல்லவர், யார் முரடர் என்பதைப் பிள்ளை முகத்தைப் பார்க்கும் முன்பே காதால் தெரிந்துகொள்கிறது. உங்கள் அட்டவணையில் காதுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது அந்த ஒளிநாடா எங்கள் வீட்டுக்கு வந்தது. என் நிறத்தில் ஓர் இளவரசியை அதற்குமுன் நான் கண்டதில்லை. நாடா தேயும்வரை பார்த்தேன். அந்த மகிழ்ச்சியை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த ஆண்டு அப்பா வேலையாக வெளிநாடு போயிருந்ததால், தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்திடத் தாத்தாதான் பள்ளிக்கு வந்தார். சிங்கப்பூரின் இந்தியர் கடைத்தெருவான தேக்காவில் பூக்கடை வைத்திருந்தவர். மலாய் சரளமாகப் பேசுவார், ஹொக்கியன் சீனத்தில் விலை சொல்வார், ஆங்கிலத்தை மட்டும் தஞ்சாவூர் ரகரத்தோடு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். வாழைநார்க் கறை படிந்த விரலால் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "கேர்ள் ஸ்டடி குட், சார்?" என்று ஆசிரியரிடம் கேட்டார். அவர் கண்ணாடியைக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டிருக்கும்போதே, பின்னால் நின்ற என் தோழிகள் இருவர் அந்த ஆப்பிள்காரனின் குரலில் அதே வாக்கியத்தைச் சொன்னார்கள். நான் சிரித்தேன். எல்லாரையும்விட முதலில் சிரித்தவள் நான்தான். தாத்தா திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் சிரிப்பதைக் கண்டு அவரும் சிரித்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

பெண்களைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அங்கேயும் காதுதான். கார்மன் ஃபாட், காரன் ஐசன்ஹவர் என்னும் இரண்டு மொழியியலாளர்கள் டிஸ்னியின் இளவரசிப் படங்களில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். சமைத்துத் துவைத்துப் போடும் 1937இன் 'ஸ்னோ வைட்'டில் ஆண் பேச்சும் பெண் பேச்சும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. துணிச்சல்காரிகளின் காலம் என்று நாம் கொண்டாடும் 1989இல், காலுக்காகத் தன் குரலையே விற்றுவிடும் கடல்கன்னியின் கதையான 'தி லிட்டில் மெர்மெய்'டில் 68 விழுக்காட்டை ஆண்களே பேசுகிறார்கள். 'அலாதீ'னில் 90. நான் வென்றெடுக்கும் பரிசு அல்ல என்கிறாள் ஜாஸ்மின். ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு மிஞ்சுவது மீதியிருக்கும் துளிதான்.

ஹாலிவுட்டைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. "நம்பள்கி நிம்பள்கி" என்று பேசும் வடநாட்டுச் சேட்டுக்காரரைத் தமிழ்ப் படங்களில் கண்டு மூன்று தலைமுறையாகச் சிரித்தவர்கள் நாம். இங்கே, அதே தேக்காவில், ஊரிலிருந்து நேற்று வந்த தம்பி ஆங்கிலத்தில் வழி கேட்டால், அவன் போனதும் அவனைப் போலவே பேசிக் காட்டும் நம் பிள்ளைகளை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்களின் பெற்றோர் பக்கத்தில் நின்று புன்னகைப்பார்கள். கோபம் வருகிறது, ஆனால் எந்த முகத்தோடு கோபப்படுவது?

'ராயா' (2021) பார்க்கலாம். கெரிஸ் என்னும் குத்துவாள் போல வளைந்த வாளும் சீலாட் தற்காப்புக் கலையின் அடவுகளும் நம் வட்டாரத்தவை என்று பிள்ளைக்குக் காட்டலாம். கதாநாயகிக்குக் குரல் கொடுத்தவர் வியட்நாமிய வழிவந்தவர். மற்ற முக்கியக் குரல்களில் பெரும்பாலானவை கிழக்காசிய வழியினருடையவை என்று இந்த வட்டாரத்தினரே குறைப்பட்டார்கள். வாளுக்கும் தொப்பிக்கும் நம்மைத் தேடி வந்தவர்களுக்குக் குரலுக்கு ஆள் கிடைக்கவில்லையாம்.

அட்டவணையைக் குப்பையில் போடுங்கள். மகள் அடுத்த முறை அந்தக் குரலில் பேசும்போது தடுக்காதீர்கள், பேசி முடித்த பிறகு, "இப்படிப் பேசுகிற யாரை உனக்குத் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள். உங்கள் மாமனார் கூடத்தில் இருக்கும்போதே கேளுங்கள். அன்றைக்கு அவரும் சிரித்தாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. அதை எனக்கு எழுதுங்கள்.